எண்பத்திரண்டு டிகிரி

தார்ன்வெல்லில் எந்தத் தெருவும் மேட்டைப் பார்த்தே ஏறும்.
தண்ணீர் மட்டும் கீழே,
முப்பத்தொன்பது படிக்குக் கீழே,
கெட்டுப்போன முட்டை வாடையோடு.

காலை ஏழரைக்கு இறங்குகிறேன்.
கவுன்சில் கொடுத்த மஞ்சள் கோட்டு, டார்ச்,
நூலில் கட்டிய வெப்பமானி.
மூன்று நிமிடம் முக்கிவைத்து, பார்த்து, எழுத வேண்டும்.
வாரத்துக்கு ஆறு மணிநேரக் கூலி.

பேரேடுகள் பதினேழு.
ஈரம் குடித்து ரொட்டிபோல் உப்பிப்போனவை.
முதல் ஏட்டில், 1791 ஏப்ரலில் ஒருவர் எழுதுகிறார்:
'எண்பத்திரண்டு. சீமாட்டி ஒருத்தி ஒன்பது கோப்பை குடித்து மயங்கினாள்.
வைத்தியர் எழுதிக்கொடுத்தது பதினொன்று.'
மறுநாள்: 'எண்பத்திரண்டு. தூக்குநாற்காலிக்காரர்கள் அடிதடி.
எட்டுப் பென்னிக்கு ஒரு பல் போயிற்று.'
பிறகு ரயில் வந்த அன்று:
'எண்பத்திரண்டு. கோப்பைகள் போதவில்லை.
தொப்பியில் வாங்கிக் குடிக்கிறார்கள்.'
1916-இல் பென்சில் எழுத்து, பெண் கை:
'எண்பத்திரண்டு. ஹோட்டல் முழுக்கக் காயம்பட்ட பையன்கள்.
ஒருவன் இடது பாதம் எரிகிறது, நனைத்துவிடு என்றான்.
இடது பாதம் இல்லை.
தரையில் ஊற்றினேன். போதும் என்றான்.'

இருநூறு வருஷத்தில் அந்த எண் மாறியது ஒரே நாள்.
எண்பத்திரண்டுக்குக் கீழே இருபத்தேழு புள்ளி எட்டு.
பூமி குளிர்ந்துவிட்டதென்று பதறினேன்.
ஓரத்தில் சிறிய எழுத்தில்: 'புது அளவுகோல். கவுன்சில் உத்தரவு.'

ஆனால் எனக்கு வேண்டியவர் ஆம்புரோஸ் பின்னாக்.
1838 முதல் பதினோரு வருஷம்.
ஒரே மை, ஒரே சாய்வு,
ஒரு நாள்கூட ஈரத்துளி விழாத பக்கங்கள்.
அட்டைக்குள் செருகிய துண்டுத்தாளில் ஒப்புதல்:
கீல்வாதம். பெருவிரலில் போர்வை பட்டாலே உயிர் போகிறதாம்.
படி இறங்கி எத்தனையோ காலம்.
படுக்கையில் இருந்தபடியே நாள்தோறும் எண்பத்திரண்டு.
ஊருக்கெல்லாம் மூட்டை இளக்கிய தண்ணீர்
அதன் காவல்காரர் கட்டிலுக்கு ஏறி வரவில்லை.
காட்டிக்கொடுக்கவும் இல்லை.

மேலே இப்போது
நடனமண்டபத்தில் கார்ப்பெட் விற்கிறார்கள்.
வளைந்த மாளிகை வரிசையில் பல் டாக்டர்,
இரண்டு வக்கீல்கள், மூடிக்கிடக்கும் ஒரு வங்கி.
மூலைக் கடையில் பியாட்டா இந்த நீரில்தான் டீ போடுவாள்,
இரும்பு கலந்து மசியாய்க் கறுத்துவிடும்.
நான்கு பேர் விரும்பிக் குடிப்போம்.
அக்டோபர் மழைக்குப் பின் தெருக்குழாயில் பலகை:
குடிக்க உகந்ததல்ல.
வியாழக்கிழமை வரிசை அப்படியே நிற்கிறது, கேன்களோடு.
ஜெரேனியத்துக்கு என்கிறார் திருமதி ஹாலிடே.
அவர் வீட்டில் பூந்தொட்டியே கிடையாது.

பிப்ரவரியில் ஒரு காலை
படிகளில் ஐஸ், கண்ணாடி பூசினாற்போல்.
கைப்பிடி உள்ளங்கையைக் கடித்தது.
மேல்படியில் நின்றபடியே எழுதிவிட்டேன்:
இருபத்தேழு புள்ளி எட்டு.
எழுதியதும் கூசியது.
பின்புறம் தேய உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன்,
முப்பத்தொன்பதையும்,
சின்னப் பிள்ளைபோல.

இருபத்தேழு புள்ளி ஆறு.

துடைத்து மறுபடி முக்கினேன். ஆறு.
மூன்றாம் முறையும் ஆறு.
ஆவி முகத்தில் ஏறியது,
மகாராஜாக்கள் காலத்துக்கும் முந்தைய மழையின் ஆவி
என்று அருங்காட்சியகத்தில் சொல்வார்கள்.

பின்னாக்,
உங்கள் நாலாயிரம் நாளில்
எத்தனை நாள் அது உங்களுக்காக
ஒரு சிறு எண்ணை வைத்துக்கொண்டு காத்திருந்ததோ.

கவுன்சிலுக்குத் தெரிவித்தேன்.
நன்றி என்று பதில் வந்தது.

எட்டை அடித்துவிட்டு ஆறு எழுதினேன்.
ஓரத்தில்: 'படியில் ஐஸ். கோட்டு கிழிந்தது,
வேறு வேண்டும். பியாட்டாவிடம் டீக்கடன் இரண்டு.'
கையிலிருந்து ஒரு சொட்டு விழுந்து
ஆறின் வால் கொஞ்சம் கரைந்தது.